கை நடுங்காத நாற்பது நாள்

அந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாக ‘நீ’யும் கிடையாது, ‘நீங்க’வும் கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் கணவனை வாங்க, போங்க என்றுதான் பேசினாள். அவர் முதல் தடவையாகத் தெருமுனைச் சாக்கடையோரம் விழுந்து கிடந்து, இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து விட்ட மதியம், அவள் வாயில் ‘நீ’ வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. மறுநாள் காலையில் ‘நீங்க’ என்று தொடங்க நாக்கும் எழவில்லை. அன்றிலிருந்து ஆள் இல்லாத பேச்சுதான். “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” “கடை திறந்தாச்சா?” “திறக்கணும்.” “மறுபடியும் குடிச்சாச்சா?” இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் வராது. கேட்டுக் கேட்டு அவருக்கும் அதே பேச்சு தொற்றிக்கொண்டது. வெளியாட்களிடமும் அவள் அப்படித்தான். அவர் என்றோ வீட்டுக்காரர் என்றோ சொல்வதில்லை. “வீட்டுல உடம்புக்கு முடியல” என்பாள். தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அவர் கண்ணாடி வெட்டுகிறவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சிறிய கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, படச் சட்டத்துக்கு என்று அளவு கொண்டு வந்தால் வெட்டிக் கொடுப்பார். மேசையில் கண்ணாடியைப் படுக்க வைத்து, கோட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தடவி, சிறு சக்கரம் வைத்த கத்தியால் ஒரே இழுப்பு. ஒரு கோட்டில் இரண்டாவது தடவை கத்தி போகக் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடையைக் கைபேசி பழுதுபார்க்கிறவன் ஒருவன் எடுத்துக்கொண்டான். எத்தனை பெருக்கினாலும் வாசல் இடுக்கில் இன்னும் கண்ணாடித் துகள் மினுக்குகிறது என்று அவன் குறைப்பட்டுக்கொள்கிறானாம்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்க்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை ஒரே ஆளை நோக்கி நடப்பதும் விலகுவதுமாக இருக்கும். அவளுக்கு எதிர் முனை பிடித்தவளை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் நிறுத்துவாள். அது மழை மாதம். உலர்த்தும் அறையில் பாதித் துணி ஈரமாகவே கிடந்தது. மேற்பார்வையாளர் காலையில் கத்திவிட்டுப் போயிருந்தார். அப்போதுதான் ரேடியோ சொன்னாள்.

“எங்க நாத்தனார் வீட்டுக்காரரு சனிக்கிழமை தவறாம ஒரு கூட்டத்துக்குப் போறாருடி. குடிக்கிறவங்க கூட்டம்.”

“அதான் எல்லா முக்குலயும் இருக்கே.”

“ஐயோ, குடிச்சு விட்டவங்க கூட்டம். உட்கார்ந்து பேசுவாங்களாம். மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது. டீ மட்டும் கொடுப்பாங்களாம்.”

“பேசினா விட்டுருமா?”

“நீயும் நானும் பேசாம இருந்து என்ன விட்டுச்சு?” என்றாள் ரேடியோ. வாழ்க்கையில் ஒரு நாளும் பேசாமல் இருந்திராத அவள் அப்படிச் சொன்னது வேடிக்கைதான். ஆனால் விரிப்பின் முனை கேட்டவளின் கையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பழைய நூலகத்து மாடி என்று ரேடியோ சொன்னதை நம்பி, முன்கூட்டிப் பார்த்து வைக்கலாமே என்று ஒரு வியாழக்கிழமை போனாள். பத்து இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், “விட்டு மூணு வருஷம் ஆகுது. இப்பவும் கடைப்பக்கம் போனா கை தானா நீளுது. ஒரு வாய்தானேன்னு மனசு சொல்லும்” என்று உருகிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து, மாத்திரைக்கு முன் இனிப்பா பின் இனிப்பா என்று பேச்சு வந்த பிறகுதான் அது சர்க்கரை வியாதிக்காரர்கள் கூட்டம் என்று தெரிந்தது. மாடி அதேதான், நாள்தான் வேறு. எழுந்து வரக் கூச்சப்பட்டு, முடியும்வரை உட்கார்ந்து, எந்தக் காய் சாப்பிடலாம் என்று தெரிந்துகொண்டு வந்தாள். அன்று வீட்டில் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பல மாதம் கழித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் ஈரத்திலேயே, சனிக்கிழமை வருவதாகச் சத்தியமும் பண்ணினார்.

சனிக்கிழமை சாயங்காலம் சவரம் செய்துகொண்டார். துவைத்த சட்டை போட்டார். குடை எடுத்து வருவதாகக் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. ஐந்தரை மணி வரை வாசலில் நின்று பார்த்தாள். ஊசி எங்கே போகும் என்று நூலுக்குத் தெரியாதா? தேடிப் போகவில்லை. ஆனால் வருகிறோம் என்று ரேடியோ வழியாகச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அடுத்த வாரம் கண்டிப்பாக வந்தாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று தனியாகக் கிளம்பினாள்.

மாடியில் எட்டு ஆண்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். டிரைவர் என்றுதான் அங்கே அவரைக் கூப்பிட்டார்கள். “இங்க பேரு கிடையாது தங்கச்சி. என்ன வேலைன்னு சொன்னா போதும். பிடிக்கலன்னா அதையும் சொல்ல வேண்டாம்” என்றார். ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவள் சொல்ல வந்ததைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரியில துணி மடிக்கிறேன்” என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், அவளுக்குத் தெரிந்த பேச்சிலேயே சொன்னாள். “பதினெட்டு வருஷமா குடி. மூணு தடவை விட்டாச்சு. மூணு தடவையும் திரும்ப ஆரம்பிச்சாச்சு. காலையில கை நடுக்கம். பிரஷ்ல பேஸ்ட் நிக்காது. இன்னைக்குக் கண்டிப்பா வர்றதா சத்தியம் பண்ணியாச்சு. அப்புறம்...”

“அதான் வந்தாச்சே” என்றார் டிரைவர். “இந்தப் படிய ஏற ஆம்பளைங்க எங்களுக்கே வருஷக்கணக்கா ஆச்சு. தனியா ஒரு பொம்பள ஏறி வந்திருக்கு.” யாரோ அவள் கையில் டீயைக் கொடுத்தார்கள்.

குடிக்கிறவளே அவள்தான் என்று எண்ணிவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே ஒரு ‘அவரு’ போட்டிருந்தால் போதும். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எட்டுப் பேரும் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. குடிகாரன் பெண்டாட்டி என்று தெருவில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை இல்லை. கூட வேலை செய்கிறவளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தாள். இந்த ஒரு தடவைதானே என்று நினைத்துக்கொண்டாள். குடிக்கிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பது அவளுக்கு அடுத்த வாரம் தெரிந்தது.

வீட்டில் அவர் முட்டை வேக வைத்து, அதை உரிக்காமல், குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் திட்டவில்லை. முட்டையை உரித்துக்கொண்டே அங்கே நடந்ததைச் சொன்னாள். தன்னை என்னவாக நினைத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். “மாத்திரையையும் எனக்குப் பதிலா முழுங்கிடலாம்.”

ஆனால் கேட்டார். அங்கே வரும் முடிதிருத்துகிறவர் ஒருவர் குடித்துவிட்டுத் தன் காதையே வெட்டிக்கொண்ட கதையை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவள் கிளம்பும்போது, “மழை வரும் போலிருக்கு” என்று குடையைத் தானே எடுத்து வைத்தார். தான் வருவதாகச் சொல்லவில்லை.

இப்படி ஏழு வாரம். வாரம் முழுக்க ஈரத் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை கால் கடுக்க நூலகத்துப் படி ஏறினாள். அங்கே அவர் வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாகச் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஆளைத்தான் சொல்லவில்லை. அரிசி டின்னுக்குள் பாட்டிலை ஒளித்தது, மாமனார் சாவுக்கு நேரம் தப்பிப் போனது, எல்லாமே ஆச்சு, போச்சு என்று வந்தது. வீட்டுக்கு வந்து அங்கே கேட்டதை அவரிடம் சொல்வாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார். எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. அவளுக்குச் சலிப்பு எலும்புவரை இறங்கியிருந்தது. ரேடியோவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மாலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

அங்கே அவள் சொன்னதிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போனது அந்த நாற்பது நாள் கதை. மூன்றாவது தடவை விட்டபோது நடந்தது. ஐந்து வருடம் முன்பு. நாற்பது நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. காலை நடுக்கம் போய்விட்டது. ஆள் உயரக் கண்ணாடியை ஒரே இழுப்பில் வெட்டியது அப்போதுதான். அதை அங்கே, வேலையில் கை பிசகவே இல்லை என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கியது, நறுக்கிய துண்டெல்லாம் ஒரே அளவாக இருந்தது, இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டது. சொல்லும்போது அவள் முகம் மாறிவிடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த நாற்பது நாள்தான். சலவைக்கூடத்தில் நிற்க முடியாமல் போகிற மதியங்களில் அதை எடுத்து ஒரு நாள், ஒரு நாளாகப் பார்த்துக்கொள்வாள்.

அங்கே ஒரு தையல்காரத் தம்பி வருவான். முப்பது வயது இருக்கும். எப்போதும் அவளுக்கு நேர் எதிரே உட்காருவான். ஏழாவது வாரம் அவன் முறை வந்தபோது அவளைப் பார்த்தே பேசினான்.

“இன்னைக்கு எனக்கு முப்பத்தி நாலாவது நாள். வியாழக்கிழமை வாங்கியும் ஆச்சு. கையில வச்சிருந்தேன். ஊசியில நூல் கோக்க முடியல, இதுக்கு மேல என்னத்துக்கு இருக்கணும்னு தோணுச்சு. அப்ப அக்கா சொன்ன நாற்பது நாள் ஞாபகம் வந்துச்சு. இன்னும் எட்டே நாள். நாற்பதத் தொட்டுட்டா கை நின்னுரும். சாக்கடையில ஊத்திட்டேன்.” பிறகு கேட்டான், “அக்கா, ஒரு தடவை கையக் காட்டுறீங்களா?”

அவள் காட்டவில்லை. கை மடியிலேயே இருந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. சுடுதுணி மடித்துக் காய்ப்பு ஏறிய கை. வாழ்நாளில் ஒரு தடவையும் நடுங்கியிராத கை. அவன் அதைச் சாமி படத்தைப் பார்ப்பது போல் பார்த்தான்.

“தம்பி, குடிச்சது நான் இல்ல” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் எப்படி வாய் தவறியது, பிறகு ஏன் சொல்லவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘அவரு’ போட்டுச் சொன்னாள். பழக்கமில்லாத வார்த்தை, பல் கட்டியவன் பேசுவது போல் வந்தது. முடிதிருத்துகிறவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே மழை விட்டிருந்தது.

தையல்காரன் முகம் வெளுத்திருந்தது. “அப்ப அந்த நாற்பது நாளு?”

“அது நிசம். எங்க வீட்டுல நடந்ததுதான். என் கண்ணால பார்த்தேன்.”

“நிசம்தானே அக்கா?”

“நிசம்தான்.”

அவள் படியிறங்கும்போது டிரைவரும் கூடவே இறங்கி வந்தார். குடிக்கிறவர்கள் வீட்டு ஆட்களுக்குப் புதன்கிழமை தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது, தன் மனைவிதான் நடத்துகிறாள், அங்கே வரலாம் என்றார். “இங்க இனிமே வேண்டாம் தங்கச்சி. கோவத்துல சொல்லல. நீ இவ்வளவு நாளா அவரு சுமையத் தூக்கிட்டு ஏறியிருக்க. நீ ஏறுற வரைக்கும் அவரு எதுக்கு ஏறணும்?”

வீட்டுக்கு வந்ததும் அன்று அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இனிமே அங்க போக முடியாது. உண்மையச் சொல்லியாச்சு.”

அவர் தலையை ஆட்டினார்.

“அந்தத் தையல்காரத் தம்பிய நினைச்சாத்தான் பாவமா இருக்கு. நம்ம வீட்டு நாற்பது நாளப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறான். முப்பத்தி நாலு முடிஞ்சிருச்சாம். நாற்பதுல கை நின்னுரும்னு எண்ணிட்டு இருக்கான்.”

அவர் மாட்டிக்கொண்டிருந்த சட்டையின் பொத்தானில் விரல் நின்றது. “நாற்பதுன்னா சொன்னான்?”

“நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.”

அன்று அவர் வெளியே போகவில்லை என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். போனார். ஆனால் சீக்கிரம் வந்துவிட்டார். வியாழன் காலையிலிருந்து கடை திறக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தார். சாப்பிட்டது தங்கவில்லை. காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போய்விட்டு, மனம் கேளாமல் மதியமே திரும்பினாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “நாளைக்கு அவனுக்கு நாப்பத்தொண்ணு” என்றார். யாருக்கு என்று அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை.

சனிக்கிழமை அவர் சவரம் செய்யவில்லை. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிட்டாள். நூலகம் வரை இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனார்கள். படிக்கட்டில் அவர் கைப்பிடியைப் பிடித்தார். அவள் பின்னாலேயே ஒரு படி வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

கீழே, நூலகத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏழு வாரம் மேலே இருந்த ஆளுக்குக் கீழே இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. யாரோ இருமினார்கள். அவர் இருமல் மாதிரி இல்லை. நூலகக்காரர் வந்து, உள்ளே உட்கார்ந்து ஏதாவது படிக்கலாமே அம்மா என்றார். இருக்கட்டும் என்றாள். மேலே அவர் பேசுகிறாரா, சும்மா இருக்கிறாரா, எழுந்து பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டாரா என்று எதுவும் தெரியவில்லை. பின்பக்கம் படி இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் இறங்கினார்கள். தையல்காரத் தம்பி அவளிடம் வந்து நின்றான். ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல், கும்பிட்டுவிட்டுப் போனான். கடைசியாக டிரைவர் அவரைத் தோளோடு பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். “நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். இப்படித் திடுதிப்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. ராத்திரி ஒரு மாதிரி பேசினா, வலிப்பு கிலிப்பு வந்தா உடனே போன் பண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்” என்று ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் முதலில் அவர் உட்கார்ந்த இடத்திலேயே மறுபடியும் உட்கார்ந்தார். மூடிக்கிடந்த ஒரு கடையின் படி. அவளும் உட்கார்ந்தாள்.

“அந்தப் பையன்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருந்தது” என்றார். “அதுக்குத்தான் போனேன்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்த நாற்பது நாளும் நான் குடிச்சேன்.”

ஒரு பேருந்து போனது. அதன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு வழி இருந்தது. அவர் விடவில்லை.

“தண்ணி பாட்டில்ல கலந்து வச்சிருந்தேன். காலையில கடை திறந்ததும் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். மண்ணெண்ணெய் வாடையில தெரியாது. அளவாக் குடிச்சேன். அளவாக் குடிச்சாத்தான் கை நிக்கும். குடிக்காதப்பதான் நடுங்கும். அந்தக் கண்ணாடிய ஒரே இழுப்புல வெட்டினேன்ல, குடிச்சிட்டுத்தான் வெட்டினேன்.”

“வெங்காயம் நறுக்கினது?”

“அதுவும்.”

ஒரே அளவாக நறுக்கிய வெங்காயத் துண்டுகள் கண்முன் வந்தன. எத்தனை மதியங்களில் அவற்றை எடுத்துப் பார்த்திருப்பாள். கை நின்றால் குடி நின்றது என்று ஐந்து வருடமாகப் பக்கத்திலேயே படுத்து எழுந்து நம்பியிருக்கிறாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. விரிப்பு நனைந்து கனத்தால் கை விட்டுப்போகுமே, அப்படி உடம்பெல்லாம் விட்டுப்போயிருந்தது.

“அவனுக்கு இன்னைக்கும் கை நடுங்குது” என்றார் அவர். “நாற்பது தாண்டியும் நிக்கலியே, நம்மால ஆகாது போலன்னு சொன்னான். இன்னைக்கு வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறதா இருந்தானாம். பொய்யப் பார்த்து அளந்துக்காத தம்பின்னேன். என் கையப் பாரு, இதுதான் குடிக்காத கைன்னு நீட்டினேன். வேற ஒண்ணும் பேசல.” பிறகு, “உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்” என்றார்.

அவர் ‘உன்’ என்றதை அவள் கவனித்தது வெகுநாள் கழித்துத்தான். அப்போது கவனிக்கத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். அவர் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்தார். நடுங்கியது. மேசையில், சட்டையில், முழங்காலில் என்று சிந்தியது. வழக்கமாக அவள் துணியோடு எழுந்திருப்பாள். அன்று எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி டீ சிந்தி, பாதி வாய்க்குள் போனது.

“நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்” என்றார் அவர்.

“இருக்கட்டும்” என்றாள் அவள்.